அண்ணன் படித்த கல்லூரி

"சொன்னா கேளு மௌரீன். அந்தக் காலேஜ் மட்டும் வேணாம்."

பாம்பேயிலிருந்து அண்ணன் நோயல் மூன்றாவது தடவையாக அதையே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு, மாடி வீட்டுக் காந்தா ஆன்ட்டியின் ஃபோனில் அவன் அழைப்பு வரும்.

"ஏன் வேணாம்? நீ அங்க படிச்சுத்தானே பேங்க்ல சேர்ந்த?"

"அப்ப வேற, இப்ப வேற. நல்ல லெக்சரருங்க எல்லாம் போயிட்டாங்க. பக்கத்துலயே லேடீஸ் காலேஜ் இருக்கு. அங்கயும் பி.காம்தான்."

"பி.காம் எல்லா எடத்துலயும் இருக்குண்ணா. பெரிய பேங்க்காரங்க எங்க வந்து ஆள் எடுக்கறாங்கன்னு பாக்க வேணாமா? உன் காலேஜுக்கு இந்த வருஷம் நாலு பேங்க் வந்துச்சாம். லேடீஸ் காலேஜுக்கு ஒண்ணுகூட வரல."



"அப்பா சொல்றபடி செய்," என்று அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

மௌரீன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பிளஸ் டூவுக்குச் சமமான பி.யு.சி.யில் தொண்ணூற்று மூன்று சதவீதம். ஜோகுபாளையத்தில் அவர்கள் தெருவில் அதுவரை யாரும் வாங்காத மார்க். கவுன்டரில் உட்காரும் வேலை அவளுக்கு வேண்டாம். எந்தக் கம்பெனியை நம்பிக் கடன் கொடுக்கலாம், எதை நம்பக்கூடாது என்று முடிவு செய்கிற நாற்காலி வேண்டும். அண்ணனுக்குக் கிடைத்தது தனக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

"அவனுக்குப் பொறாமைம்மா," என்றாள், தட்டின் முன் உட்கார்ந்தபடி.

"சே, அப்படிப் பேசாத," என்றாள் அம்மா டோரதி. அவளுக்கு மகன் மேல் ஒரு சொல் பொறுக்காது. கோயில் வாசலில் யார் நின்றாலும், 'என் பையன் பாம்பேல ஃபாரின் பேங்க்ல இருக்கான்' என்று சொல்லாமல் நகரமாட்டாள்.

அப்பா ஆம்ப்ரோஸ் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நோயல் சொல்றது கரெக்ட்தான். அந்தக் காலேஜுக்கு மல்லேஸ்வரம் போக ரெண்டு பஸ் மாறணும். மழை வந்தா நீ வீடு வந்து சேர இருட்டிடும்."

அப்பாவே அப்படிச் சொன்னதைத்தான் மௌரீனால் தாங்க முடியவில்லை. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு வருடம், காலை ஐந்தரைக்கு அவளை ஸ்கூட்டரில் ஏற்றி அக்கவுன்டன்சி டியூஷனில் விட்டுவிட்டுத்தான் டூட்டிக்குப் போவார். பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களோடு சண்டையே போட்டிருக்கிறார்.

"நோயல் போனப்ப மட்டும் ஒரே பஸ்ஸாப்பா?"

"அவன் பையன்."

பையன், பெண் என்ற பேதம் அந்த வீட்டில் அதுவரை வந்ததில்லை. சொன்னவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. மௌரீன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு காலத்தில் அண்ணன் பேச்சை அப்பா காதிலேயே வாங்கமாட்டார். அவன் பாம்பே போன பிறகு இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவன் வரும்போது ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவதும், திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அப்பாதான். 'அந்தக் கூட்டத்துல நீங்க எதுக்கு?' என்று வேறு யாரையும் வரவிடமாட்டார்.

விண்ணப்பம் கொடுக்கப் புதன்கிழமை கடைசி நாள். வகுப்புத் தோழி மமதா வாங்கி வந்திருந்த ஃபாரத்தில் அம்மாவே கையெழுத்துப் போட்டாள்.

"அப்பா டூட்டிக்குப் போயிட்டார். நீ கெளம்பு. சீட் கிடைச்சிட்டா அவர் என்ன செய்ய முடியும்? அண்ணன் படிச்ச எடத்துல தங்கச்சி படிக்கறதுல என்ன தப்பு?"

கல்லூரி ஆபீஸ் முன்னால் வரிசை கேட் வரைக்கும் நின்றது. மௌரீன் ஃபாரத்தை இன்னொரு முறை சரிபார்த்தாள். குடும்பத்தில் யாராவது இதே கல்லூரியில் படித்திருந்தால் எழுதவும் என்று ஒரு கட்டம். அதில் அழகான எழுத்தில் நிரப்பியிருந்தாள்: 'நோயல் ஆம்ப்ரோஸ், அண்ணன். 1995ல் பி.காம் முடித்தார். இப்போது பாம்பேயில் வெளிநாட்டு வங்கி அதிகாரி.' கோபம் இருந்தாலும், அந்த வரியைப் படித்தபோது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் முறை வந்தது. கண்ணாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த ஜன்னல். கீழே ஃபாரம் நுழையும் அளவுக்கு ஒரு வளைவு. அதன் வழியாக ஒரு கை நீண்டு ஃபாரத்தை வாங்கிக்கொண்டது. பேனா ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே இறங்கியது. அண்ணன் பெயர் இருந்த கட்டத்தில் நின்றுவிட்டது.

நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற பெண் அவள் முதுகைத் தொட்டு, என்ன என்று கேட்டாள்.

வளைவுக்குள் ஒரு முகம் மெல்லக் குனிந்து வெளியே பார்த்தது.

நோயல்.

கழுத்தில் தொங்கிய அட்டையில் அவன் பெயருக்குக் கீழே 'ஆபீஸ் அட்டெண்டர்' என்று இருந்தது.

"நீ பாம்பேல..." என்றாள்.

"போகவே இல்ல, மௌரீன். ஃபைனல் இயர்ல ஃபெயில். பிரின்சிபல் பாவம் பாத்து இந்த வேலை குடுத்தார். ரெண்டு வருஷமா இங்கயேதான் ரூம்ல தங்கியிருக்கேன்." அவன் பேனாவைக் கீழே வைத்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா, பாம்பேன்னு சொல்லுன்னு சொன்னதே அப்பாதான். நேத்துகூட இங்க வந்து, உன்ன எப்படியாவது தடுத்துடறேன்னு அழுதுட்டுப் போனார்."