வேனுக்குப் பின்னால் பவுசியா

"யோவ் டிரைவரு! ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அந்தப் புள்ள நாக்குத் தள்ள ஓடியாருது, நீ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்க!"

தன் டீக்கடை வாசலிலிருந்து அன்வர் பாட்சா போட்ட சத்தத்தில் கறம்பக்குடிக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பெலிக்ஸ் பதறிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தான். பள்ளிக்கூட வேனுக்குப் பின்னால், புர்கா படபடக்க, கையில் டிபன் பாக்ஸோடு பவுசியா ஓடிவந்துகொண்டிருந்தாள்.

பெலிக்ஸ் வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. பவுசியாவின் மகள் நாஜியாதான் முதல் ஸ்டாப். விடிந்தும் விடியாமலும் அவளை ஏற்றிக்கொண்டு, ஊரைச் சுற்றி மற்ற பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். அந்தச் சுற்று முழுக்க இந்த அம்மா பின்னாலேயே வருகிறாள். தினமுமா ஒரு தாய் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க மறப்பாள்?

பழைய டிரைவர் ஆத்மநாதன் சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "பவுசியா வீட்டு ஸ்டாப்புல பாப்பாவ ஏத்துனதும் எடுத்துரு தம்பி. கண்ணாடியப் பாக்காத. பறக்கவும் வேணாம், உருட்டவும் வேணாம். ஒரே சீராப் போ."

மனுசனுக்கு என்ன கல்நெஞ்சு என்று பெலிக்ஸ் அப்போது நினைத்துக்கொண்டான்.

அவனும் நிறுத்தி வாங்கிக்கொள்ளத்தான் பார்த்தான். அவன் நிறுத்தினால் அவளும் எங்காவது கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். "வாங்கக்கா" என்று கூப்பிடுவதற்குள் பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அமுக்குவான். வேன் நகர்ந்தால் அவளும் நகர்வாள்.

ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அன்வர் பாட்சா மொபெட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் போனார். "டப்பாவக் குடும்மா, நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

"வேணாம் மாமா, கொழம்பு ஊத்திரும்!" என்று அவள் வேகத்தைக் கூட்டினாள்.

குழம்பைக் கூட இன்னொருவரிடம் நம்பிக் கொடுக்காத அந்தத் தாய்மையில் அன்வர் பாட்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு வீடியோ எடுத்தார். சோகப் புல்லாங்குழல் சேர்த்து, 'ஒரு தாயின் ஓட்டம்' என்று அது கறம்பக்குடியிலிருந்து பொன்னமராவதி வரை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடியது. அதற்குக் கீழே பெலிக்ஸின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து மேடம் போன் செய்தார். "நாளைக்கும் அந்தம்மா ஓடுச்சுன்னா, நீங்க வேலைக்கு வர வேணாம் பெலிக்ஸ்."

பெலிக்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையைக் காட்டித்தான் ஷர்லி வீட்டில் பெண் கேட்டிருந்தான். தை மாசம் கல்யாணம்.

மறுநாள் காலை நாஜியாவை ஏற்றும்போதே இறங்கி நின்று கேட்டான். "அக்கா, பாப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டீங்களா? தண்ணி? டை? எல்லாம் குடுத்துட்டீங்கள்ல?"

"எல்லாம் குடுத்தாச்சு தம்பி. நீங்க எடுங்க."

அப்பாடா என்று கியரைப் போட்டான். தெருமுனை திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால், டிபன் பாக்ஸோடு அவள்!

பிரேக்கை மிதித்தான். அவளும் நின்றாள். ரிவர்ஸ் எடுத்தான். பவுசியா ஒரு கணம் வேனைப் பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பி, வந்த வழியே ஓட்டமெடுத்தாள்.

"சொர்ணக்கா, பாப்பாவப் பாத்துக்கங்க!" என்று வேனிலிருந்த ஆயாவிடம் சொல்லிவிட்டு பெலிக்ஸ் குதித்து இறங்கினான். "அக்கா! நில்லுங்கக்கா! அந்த டப்பாவக் குடுத்துருங்க!"

வேனுக்குப் பின்னால் பவுசியா ஓடியது போய், பவுசியாவுக்குப் பின்னால் டிரைவர் ஓடுவதை ஊர் கண்குளிரப் பார்த்தது. "விடாத தம்பி, இங்கிட்டு மடக்கு!" என்று அன்வர் பாட்சா டீ ஆற்றுகிற குவளையோடு தெருவுக்கே வந்துவிட்டார். பாலத்தைத் தாண்டுவதற்குள் பெலிக்ஸுக்கு ஒரு செருப்பு அறுந்தது. பள்ளிவாசலைத் தாண்டியபோது இன்னொன்றை அவனே கழற்றி எறிந்தான். அவள் புர்கா மட்டும் தூரத்தில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் ஊரணிக்கரையில், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, அவளே பாவப்பட்டு நின்றாள். பெலிக்ஸ் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என் வேலையே போகப்போகுதுக்கா... தை மாசம் கல்யாணம்..." என்று மூச்சிரைத்தபடியே டப்பாவைப் பிடுங்கித் திறந்தான்.

உள்ளே குழம்பும் இல்லை, சோறும் இல்லை. மடித்து வைத்த ஒரு சின்னத் துண்டும், இரண்டு பேரீச்சம்பழமும் இருந்தன.

பவுசியா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பேரீச்சம்பழத்தை அவனிடம் நீட்டினாள். "தின்னுங்க, தெம்பு வரும். மேடத்துக்கிட்ட நான் பேசிக்கிறேன், பயப்படாதீங்க."

"அப்பறம் எதுக்குக்கா தெனமும் என் வேனைத் தொரத்திக்கிட்டு வாரீங்க?"

அவள் புர்காவின் ஓரத்தை லேசாகத் தூக்கி, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"பொம்பள சும்மா ஓடுனா ஊரே நிப்பாட்டிக் கேள்வி கேக்குது தம்பி, வேனைப் புடிக்க ஓடுனா வழி விடுது!"