சிறுகுறிஞ்சான் மீது ஒரு புகார்

“மலையில பறிச்சதாம், மண்ணாங்கட்டி! ஒரு மாசம் மென்னேன். இருநூறு இருந்த சுகர் முந்நூறைத் தாண்டிடுச்சு. உன் பேச்சைக் கேட்டேன் பாரு!”

இலைப் பொட்டலத்தை மூலிகைக் கடைக்காரர் முன் விட்டெறிந்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பக்கத்தில் அவர் மனைவி.

“எப்ப மெல்லுறீங்க சார்?”

“காலையில வெறும் வயித்துல. மென்ன கையோட காபி.”

“சாப்பாட்டுல எதையாவது மாத்தினீங்களா?”

“மாத்த வேண்டியது இவளைத்தான்! காபியில சர்க்கரை போடவே கை வரமாட்டேங்குது. நானே எழுந்துபோய் நாலு ஸ்பூன் போட்டுக்கிறேன். அப்பவும் இனிக்கலை!”

கடைக்காரர் திகைத்தார். “இதை மென்னா கொஞ்ச நேரத்துக்கு நாக்குல இனிப்பே தெரியாது, சர்க்கரையைத் தொடத் தோணாதுன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா?”

“சொன்னீங்கண்ணே” என்றாள் மனைவி. “முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தே பழகினவரு. கேட்டுப் பழக்கமில்லை.”