பூட்டில்லாத மிஷின்

"உங்க மிஷினுக்குப் பூட்டே இல்லையாமே, தம்பி? மிஸ் சொல்றாங்க."

முதலாளி சண்முகராஜா இப்படிக் கேட்டதும் ஜோர்ஜ் பக்கத்தில் நின்ற போட்டிக் கொம்பனிக்காரியை முறைத்தான்.

அட்டன் பஸாரில் தேயிலை மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். எந்தத் தோட்டத்துத் தூளோடு எதை எவ்வளவு கலப்பது என்பதுதான் அவர் கடையின் உயிர். அந்த ரகசியத்தைக் கொம்பியூட்டரில் பத்திரமாக வைக்க ஆசைப்பட்டு, இரண்டு கொம்பனிகளை ஆளுக்கொரு மிஷின் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அந்த எண்பத்தெட்டாம் வருஷத்தில் ஊரில் பாதிப் பேர் கொம்பியூட்டரைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

ஜோர்ஜ் கொண்டுவந்த மிஷின் டொஸ் என்ற சிஸ்டத்தில் ஓடுவது. போட்டிக் கொம்பனிக்காரி பெற்றீசியாவின் மிஷின் யுனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடுவது.

"எங்களோடதுல ஆளுக்கொரு பாஸ்வேர்ட் இருக்குங்க, முதலாளி. அது தெரியாம உள்ள போக முடியாது. போனாலும் அடுத்தவங்க எழுதினதைப் பாக்க முடியாது. டொஸ்ல அப்படி ஒண்ணுமே இல்லீங்க. சுவிட்சைப் போட்டாப் போதும், யார் வேணும்னாலும் படிக்கலாம்," என்றாள் பெற்றீசியா.

"எங்களோடது வெல கம்மிங்க," என்று ஜோர்ஜ் முனகினான். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அவனுக்கல்லவா தெரியும்!

இந்த மிஷினை விற்றால்தான் கொம்பனியில் அவன் வேலை நிரந்தரமாகும். "நிரந்தர வேலை இல்லாம கல்யாணப் பேச்சே கிடையாது" என்று, பெண் கேட்டுப் போனபோது நோட்டன் பிரிட்ஜ் பத்திநாதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்தக் கடையில் மிஷின் வாங்கப் போகிறார்கள் என்று துப்புக் கொடுத்ததே அவருடைய மகள்தான். அவளுக்காக ஜோர்ஜ் இரண்டு மிஷினையும் தலையில் சுமந்துகொண்டு சிவனொளிபாத மலையே ஏறுவான்.

"பேச்சு எதுக்கு? சோதிச்சுப் பாத்துருவோம்," என்றார் முதலாளி. "ரெண்டுலயும் ஒவ்வொரு பொய்க் கலவையை எழுதி வைக்கிறேன். நாளைக்குக் காலை வரைக்கும் கடை ஆளுங்க யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கட்டும். தொறக்க முடியாத மிஷினை வாங்கிக்கிறேன். ஒண்ணையாச்சும் தொறந்து கலவையைச் சொல்ற ஆளுக்கு, நான் வாங்குற மிஷின்ல உக்காந்து வேலை பாக்குற உத்தியோகம். நிரந்தரமா!"

கடையே கைதட்டியது. தூள் பொதி கட்டுகிற பெண்கள்கூட உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அட்டன் குளிரிலும் ஜோர்ஜுக்கு வியர்த்துக் கொட்டியது.

முதலாளி இரண்டிலும் எழுதி முடித்த நேரம் பார்த்து அவர் மனைவி ஜெயலெட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அன்று ஆயுத பூஜை. தராசு, சாக்கு ஊசி, லொறிச் சாவி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை முடியும்வரை ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

ஜோர்ஜுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது.

"அக்கா, எங்க மிஷினும் ஆயுதந்தானுங்களே? இதுக்கும் ஒரு பொட்டு வச்சிருங்களேன்."

"பாருங்களேன், வேதக்காரப் புள்ள, மாதா கோயிலுக்குப் போற புள்ள, அதுக்கு இருக்கிற பக்தியை!" ஜெயலெட்சுமி பூரித்துப்போய்ச் சந்தனம், குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் சாத்தினார். "மிஸ், உங்களோடதுக்கு?"

"வேணாங்க அக்கா. எங்களுக்குப் பாஸ்வேர்டே போதும்," என்றாள் பெற்றீசியா.

ஜோர்ஜுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

போட்டி தொடங்கியதும் யுனிக்ஸைச் சுற்றி ஒரே கூட்டம். கணக்கர் பொன்னையா, முருகன் பெயரைப் பாஸ்வேர்டாக அடித்துப் பார்த்தார். பிறகு முதலாளியுடைய பிள்ளைகளின் பெயர்களையும் அடித்துப் பார்த்தார். மிஷின் மசியவில்லை. டொஸ் பக்கம் போன லொறிக்காரரைப் பொன்னையா கையைப் பிடித்து இழுத்தார். "யோவ், பூஜையில வச்ச சாமான்! சாமி கண்ணைக் குத்திரும்!"

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

"யுனிக்ஸைத் தொறந்தது யாரு?"

பொன்னையா உதட்டைப் பிதுக்கினார்.

"டொஸ்ஸை?"

லொறிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜோர்ஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு பாத்தீங்களா, முதலாளி? எங்களோடது வெலயும் கம்மி!"

முதலாளி தலையாட்டிக்கொண்டே அவன் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மஸ்கெலியாத் தூள் ரெண்டு பங்கு, நோட்டன் தூள் ஒரு பங்கு, ஒரு சிட்டிகை ஏலக்காய்."

முதலாளி வாயைப் பிளந்தார். "நான் டொஸ்ல எழுதினது அதுதான்!"

பொதி கட்டுகிற பெண்களில் ஒருத்தி முன்னால் வந்து நின்றாள். ஜோர்ஜுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பூஜையில வச்சதைத் தொட்டியாடி?" ஜெயலெட்சுமி அதட்டினார்.

"நானும் வேதக்காரிதானுங்களே, அம்மா. அவங்களுக்குத்தான் பயம், எனக்கென்ன? எல்லாரும் சுண்டல் வாங்கப் போனப்ப தொறந்து பாத்தேன். பொட்டைக்கூட அழிக்கலைங்க."

ஜெயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடுங்க. சரஸ்வதியே இந்த உத்தியோகத்தை இவளுக்குத்தான் குடுக்கணும்னு நெனச்சிருக்கா போல."

யுனிக்ஸ் மிஷினை வாங்கிக்கொள்வதாக முதலாளி அங்கேயே வாக்குக் கொடுத்தார். அதில் உட்காரும் உத்தியோகம் அந்தப் பெண்ணுக்கு.

ஜோர்ஜ் அவளைப் படியோரம் மறித்தான். போன மாதம் தன் ஆபீஸில் பக்கத்தில் உட்கார வைத்து, டொஸ்ஸைத் திறக்க ஆசை ஆசையாகச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

"என் பொழப்பையே கெடுத்துட்டியே, றோசலின்! எனக்கு இனி எங்க வேலை நிரந்தரமாகுறது? உங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"எங்கப்பா என்ன சொன்னாரு? நிரந்தர வேலை இல்லாம கல்யாணம் இல்லைன்னாரு. அது மாப்பிள்ளைக்குத்தான் இருக்கணும்னு சொன்னாரா, அத்தான்?" என்று சிரித்தாள் பத்திநாதனின் மகள்.