கை அசைகிறது

"கை அசைகிறது," என்றது ஹெட்போனில் வந்த குரல்.

ஒலிப்பதிவுக்காரர் பதிவை நிறுத்தினார். நாற்காலி கிறீச்சிட்டது. இதோடு மூன்றாவது முறை.

"அக்கா, படத்துல கை அசையலக்கா. அவன் செத்துட்டான்."

"செத்துட்டான்னு எங்க எழுதியிருக்கு?"

எழுதவில்லைதான். 'பம்பரம்' காமிக்ஸ் பன்னிரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் வசனமே கிடையாது. நடுத்தெருவில் பம்பரம் குப்புறக் கிடக்கிறான், அவ்வளவுதான்.

பம்பரம் ஒரு பிக்பாக்கெட். பதினொரு பாகங்களாகப் போலீசுக்குத் தண்ணி காட்டியவன். இல்லாதவன் பையில் கை வைக்காதவன். தெரியாமல் வைத்துவிட்டால் எடுத்ததைப்போல இரண்டு மடங்கு திருப்பிப் போட்டுவிட்டு வருபவன். அவனைச் சுட்ட பாவி யாரென்றுகூடக் கதையில் சொல்லவில்லை.

நாங்கள் புத்தகங்களைக் குரலில் பதிந்து பார்வையில்லாத வாசகர்களுக்கு அனுப்புகிறோம். நாவல் என்றால் படித்தால் போதும். காமிக்ஸ் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் வர்ணிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அக்கா. ஒலிப்பதிவுக்காரர் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து ஒத்துப்பார்ப்பார். சரியா தப்பா என்று முடிவாகச் சொல்ல வேண்டியது நான்.

விதி ஒன்றே ஒன்று. படத்தில் இல்லாததைச் சொல்லக்கூடாது. சொன்னவருக்கு மறுநாள் இங்கே வேலை இல்லை. விதியைப் போட்டதும் நான்தான், அதற்காக இரண்டு பேரை அனுப்பியதும் நான்தான்.

காரணம் என் அண்ணன். சின்ன வயதில் அவன்தான் எனக்குப் பம்பரம் கதைகளைப் படித்துக் காட்டுவான். பம்பரத்தின் நாய் இரண்டாம் பாகத்திலேயே லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பாகத்திலும் அண்ணன் அதைக் குரைக்க வைத்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் ஒரு தோழியிடம் அந்த நாயைப் பற்றிப் பெருமையாகப் பேசப்போய்த்தான் உண்மை தெரிந்தது. நாய்க்காக ஒரு நாள் அழுதேன். அண்ணனோடு ஒரு மாதம் பேசவில்லை.

பாவம் பார்த்துச் சொல்கிற பொய்யைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுந்துபோய்ப் பதிவறைக் கதவைத் திறந்தேன்.

"அக்கா, விதி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். முதல் பக்கத்துல ஓடுறான்னு சொன்னேன், யாரும் நிறுத்தல. மாடிக்கு மாடி தாவுறான்னு சொன்னேன், நிறுத்தல. படத்துல எவன் ஓடுறான்? எவன் தாவுறான்? எல்லாரும் போட்டது போட்டபடிதான் இருக்காங்க. அவன் சாகறப்ப மட்டும் உங்களுக்குப் படம் அசையாதா?"

குரல் உடைந்திருந்தது. ஆனால் கெஞ்சவில்லை. வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்ட குரல்.

நான் திட்டுவதற்கென்று வந்தவள். ஆனால் இது அண்ணன் சொன்ன மாதிரிப் பொய் இல்லை.

அண்ணன் எனக்காகப் பொய் சொன்னான். இந்த அக்கா எனக்காகவும் சொல்லவில்லை, வேறு யாருக்காகவும் சொல்லவில்லை. எழுதியவனே கொன்றாலும் அவனைச் சாகவிட மாட்டேன் என்கிறார். பம்பரம் எனக்கும்தான் வேண்டும்.

"சரி, அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

ஒலிப்பதிவுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருடமாக என்னோடு இருப்பவர். என் விதியை என்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவர். பின்னாலேயே வந்து புத்தகத்தை என் கையில் திணித்தார்.

"எங்க அசையுது? நீங்களே பாருங்க மேடம்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.



எனக்குக் கோபம் வரவில்லை. பாவம் பார்க்காமல் என்னிடம் சண்டைக்கு வந்தாரே, அதுவே பெரிது.

கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினேன். வழவழவென்ற தாள். எங்கே தெரு, எங்கே பம்பரம், எங்கே அவன் கை? பிறந்ததிலிருந்து என் விரலுக்கு எந்தப் படமும் பிடிபட்டதில்லை.

"அசையுதே," என்றேன்.