அட்டையில் ஐந்து மணி

லேபர் ஆபீஸ் படியேறி வந்த சுப்பையா, அலாவுதீனைக் கண்டதும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

மூன்று மாதமாக இதே கதைதான். ஜெலுத்தோங் டின் ஃபேக்டரியில் ஒரே ஷிப்ட், தினமும் ஒன்றாக பஸ் ஏறிய மனுஷர். இயந்திரத்தில் அவருக்கு மூன்று விரல் போன நாளிலிருந்து பேச்சே இல்லை. வீடு தேடிப் போனபோதும் கதவைத் திறக்கவில்லை.

எப்படித் திறப்பார்? அன்று ஐந்து மணிக்கு, வேலை முடிந்த நேரம் பதியும் அவருடைய பஞ்ச் கார்டையும் சேர்த்து அடித்துவிட்டு வந்தவன் அலாவுதீன்தானே. முன்னால் போகிறவன் கூட்டாளி கார்டையும் அடிப்பது அங்கே வழக்கம். வேலை வாங்கும் மண்டோர் அவரை ஓவர்டைமுக்கு நிறுத்தியது இவனுக்குத் தெரியாது.

விரல் போனது ஐந்தே முக்காலுக்கு. "வேலை முடிந்த ஆள் தன் இஷ்டத்துக்கு இயந்திரத்தைத் தொட்டான்" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. மண்டோரும் ஆமாம் போட்டான். நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்பு. இன்று அப்பீல்.

அந்த ஷிப்ட் ஆட்கள் அறுவரையும் சாட்சிக்கு வேனில் ஏற்றி வந்த மேனேஜர், வழியிலேயே சொல்லிவிட்டார்.

"அடுத்தவன் கார்டைத் தொட்டவன் யாருன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வேலை போச்சு!"

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஹாஜராவுக்கு இது ஒன்பதாவது மாதம்.

அப்பீலை விசாரித்த அதிகாரி சுப்பையாவிடம் மலாயில் கேட்டார்.

"கார்டை அடித்தது யார்? பேரைச் சொன்னால்தான் உன் அப்பீல் நிற்கும்."

சுப்பையாவின் பார்வை சாட்சிகள் பக்கம் வந்தது. 'தொலைந்தேன்!' அலாவுதீன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரியாதுங்க துவான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னாய். கடைசியாகக் கேட்கிறேன். இல்லாவிட்டால் தள்ளுபடிதான்."

"தெரியாதுங்க துவான்."

மடியில் கிடந்த, மூன்று விரலில்லாத அந்தக் கையை அலாவுதீன் பார்த்தான். அதற்குமேல் அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"ஸாயா, துவான்... நான்தான் அடிச்சேன்."

மேனேஜர் திரும்பி முறைத்தார். ஆனாலும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். அடுத்து சாட்சி சொல்ல நின்ற மண்டோர், அதிகாரியின் இரண்டாவது கேள்விக்கே, ஓவர்டைமுக்கு நிறுத்தியது தான்தான் என்று உளறிக் கொட்டினான்.

பகல் சாப்பாட்டுக்கு முன்பே அப்பீல் சுப்பையா பக்கம் தீர்ந்தது.

கம்பெனி வேன் அலாவுதீனை ஏற்றாமலே கிளம்பிப் போனது. வாசலில் தனியாக நின்றவனின் தோளை ஒரு கை இறுகப் பிடித்தது. அலாவுதீன் திரும்பினான்; சுப்பையா.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்கண்ணே..."

சுப்பையாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாவி, ஏன்டா வாயைத் தொறந்த? நாம ஒண்ணா பஸ் ஏறுற கூட்டாளின்னு தெரிஞ்சா ஒன் மேலதான் சந்தேகம் வரும்னுதானேடா, மூணு மாசமா ஒன் மூஞ்சியப் பார்க்காம கெடந்தேன்!"