இரண்டாவது கடன்

“ஒரு தடவை கடன் வாங்கி வீடு கட்டிட்டீங்களே பெரியவரே, மறுபடியும் எதுக்கு?” என்று கேட்டான் லோகநாதன். ஹட்டனில், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் கந்தோரில் அவன் கிளாக்கர்.

“அந்தக் கடனைத்தான் அடைச்சிட்டேனுங்களே, கிளாக்கரய்யா,” என்றார் பர்மாச் சண்டைக்குப் போய்வந்த காளிமுத்து.

“அடைச்சா மட்டும் பத்தாது. அந்த வீடு உங்க பேர்ல இருக்கக் கூடாது. அப்பதான் திரும்பத் தருவோம்.”

“தங்கச்சி மகளுக்குக் கல்யாணமுங்க. கொட்டகலை வீட்டை அவ பேருக்கு எழுதிட்டு, எனக்குப் பக்கத்துலயே சின்னதா ஒண்ணு கட்டிக்கலாம்னு பாத்தேன். மாப்பிள்ளை சீதனமே வேணாங்கிறாராம்!”

முகம் தெரியாத அந்த மாப்பிள்ளையை லோகநாதனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் பெரியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“நல்ல மனுசன்தான், வெவரம் பத்தல. சீதனம் வேற, தாய்மாமன் சீர் வேற. மாமன் ஆசையாக் குடுக்கறதைத் தட்டலாமா?”

“நீங்களா இருந்தா வாங்கிக்குவீங்களா?”

“கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்குவேன்!”

காளிமுத்து துள்ளி எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“நாகலெட்சுமி! உள்ள வா தாயி, மாப்பிள்ளை ஒத்துக்கிட்டாரு!”

போன மாதம் லோகநாதன் பெண் பார்த்து, ஒரு சதம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த அதே நாகலெட்சுமி, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி வந்து நின்றாள்.

“நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் ஊர்ல இல்லீங்க,” என்றார் காளிமுத்து. “சரி மாப்பிள்ளை, ரெண்டாவது கடனுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?”