கடைசியில் ஒரு சின்ன ஊதல்

"பிரமாதமா நடிக்கிறீங்க சார். ஆனா பஸ் கிளம்பணும்."

பெரியவர் அசையவில்லை. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் இரண்டு கோப்பைகள்.

"அவ வரட்டும்மா. வந்ததும் சேர்ந்தே கிளம்பறோம்."

கூப்பிட வந்த பெண் அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தால் ஊரை எப்படிக் காலி செய்வது என்று அன்று ஒத்திகை. இந்தத் தெருவுக்கான திட்டம் அவள் போட்டது. ஒத்திகைக்கென்று தெருவுக்கு ஒருவரை, 'வீட்டைவிட்டு வரமாட்டேன்' என்று முரண்டு பிடிக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். யாரென்று சொல்லமாட்டார்கள். பேசியே அவரை பஸ் ஏற்ற வேண்டும். தவறினால், அவளுடைய முதல் திட்டமே குப்பைக்கு.

ஊரே மூட்டை கட்டும்போது இவர் நிதானமாக டீ போடுவதை ஜன்னல் வழியே பார்த்ததும், 'ஆள் இவர்தான்' என்று முடிவு கட்டிவிட்டாள்.

"எங்க போயிருக்காங்க உங்க வீட்டம்மா?" என்றாள், விளையாட்டாக.

"அணுமின் நிலையத்துக்கு, வேலைக்குத்தான். அங்க நான் பம்ப் ரிப்பேர், அவ கண்ட்ரோல் ரூம். மாசா மாசம் சோதனைக்கு சைரன் ஊதுறது அவதான். முடிக்கிறப்போ துளியூண்டு ஒரு ஊதல் கூடுதலா விடுவா. சைரன்ல கோளாறுன்னு மேல இருக்கிறவங்க அதைக் கழட்டிக் கழட்டி மாட்டினாங்க." பெரியவர் கண்ணில் குறும்பு. "கோளாறாவது ஒண்ணாவது. 'ஷிப்ட் முடிஞ்சுது, டீ போடு'ன்னு எனக்குச் சேதி."

"அடேயப்பா. யாரும் கண்டுபிடிக்கலையா?"

"கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனப்போதான் மேலதிகாரிக்கு விளங்கிச்சு. மனுஷன் தலையில அடிச்சுக்கிட்டார்." சிரித்தவர், அடுப்பைத் தணித்தார். "இன்னிக்கு சைரன் முடியறப்பவும் அந்த ஊதல் கேட்டுச்சே. அதான் டீ."

அவள் காதில் அப்படி ஒன்றும் விழவில்லை. வசனம் எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். கதிர்வீச்சு, அயோடின் மாத்திரை என்றெல்லாம் பேசி இவரை அசைக்க முடியாது. அவர் வழிக்கே போனாள்.

"சார், அவங்க நேரா பஸ்ஸுக்கே வந்துட்டாங்க. உங்களுக்கு ஜன்னலோரம் இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க. டீ எங்கேன்னு கேக்கறாங்க."

பெரியவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? காக்க வெச்சா என்னைப் பிடிபிடின்னு பிடிச்சுடுவா."

சட்டை மாற்றினார். தலை வாரினார். டீயை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார். பஸ் படியில் வாலிபன் மாதிரி ஏறினார்.

திட்டம் ஜெயித்துவிட்டது. அவள் நிம்மதியாக மூச்சு விட்டபோது, படியோரம் நின்றிருந்த தெரு டெய்லர் முறைத்தார்.

"என்ன மேடம் இது? முரண்டு பிடிக்கச் சொல்லி என்னைத்தானே போட்டாங்க? கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஒரு ஈ காக்கா கூப்பிட வரல. வெறுத்துப்போய் நானே வந்துட்டேன்."

"அப்போ... இவர்?"

"அவரா? பாவம் மேடம். சம்சாரம் தவறிப்போனதுலேர்ந்து, சைரன் ஊதினாலே இப்படித்தான்."

உள்ளே, பிளாஸ்கை மார்போடு அணைத்தபடி, பெரியவர் ஒவ்வொரு ஜன்னலோர முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.